குனிய இடமில்லாத அறையில் எஞ்சின் வேலை: விசைப்படகு வைத்திருப்போருக்கு முழுமையான வழிகாட்டி

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். இந்த 61 நாளுக்குள் படகைக் கரையேற்றி, அடிப்பாகம் பார்த்து, பெயிண்ட் அடித்து, எஞ்சினையும் சரிசெய்து மறுபடி இறக்கியாக வேண்டும். கத்திரி வெயிலும் இதே நாட்களில்தான் கொளுத்துகிறது.

தங்கள் எஞ்சினைத் தாங்களே பார்த்துக்கொள்ள விரும்பும் இளைஞர்கள் பலரோடு எஞ்சின் அறைக்குள் இறங்கியிருக்கிறேன். எஞ்சின் தெரியாததால் அவர்கள் தடுமாறவில்லை. பட்டறை மேசையில் அரை மணியில் கழற்றும் பம்பைப் படகுக்குள் கழற்ற அவர்களுக்கு ஒரு பகல் ஆனது. முழங்கால் மரத்தது, முதுகு பிடித்தது, விரல் வழுக்கியது, வியர்வை கண்ணை மறைத்தது. அந்த நிலையில்தான் போல்ட் உடைந்தது, திருகு தொலைந்தது, கை கிழிந்தது.

கையேடு எஞ்சினின் வசதிக்கேற்ப வேலைகளை வரிசைப்படுத்துகிறது. நான் உங்கள் உடம்பின் வசதிக்கேற்ப வரிசைப்படுத்துகிறேன். ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின் உள்ளே பொருத்திய விசைப்படகை மனத்தில் வைத்து இது எழுதப்பட்டது.

1. செய்யக் கூடாத வேலைகளை முதலில் ஒதுக்குங்கள்

வெறுங்கையோடு ஒருமுறை எஞ்சின் அறைக்குள் இறங்குங்கள். ஸ்பானர் வேண்டாம். ஒவ்வொரு பாகத்தின் அருகிலும் போய்க் கை எட்டுகிறதா, கண் எட்டுகிறதா, இரண்டு காலும் ஊன்ற முடிகிறதா என்று பாருங்கள்.

கண் எட்டாத இடத்தைக் கண்ணாடி வைத்துச் சமாளிக்கலாம். கை எட்டாவிட்டால் கருவியை மாற்றலாம். கால் ஊன்ற முடியாத இடத்தில் பலம் கேட்கும் வேலையை மட்டும் எடுக்காதீர்கள். ஓர் அடி நீள ஸ்பானரின் நுனியை 20 கிலோ விசையில் இழுத்தால் சுமார் 60 நியூட்டன் மீட்டர் கிடைக்கும். நின்று இழுப்பவருக்கு அது எளிது. ஒருக்களித்துப் படுத்து ஒற்றைக் கையால் இழுப்பவருக்கு அதில் பாதி வருவதே கடினம்.

ஆகவே சிலிண்டர் ஹெட் போல்ட் இறுக்குவது, கியர்பாக்ஸை இறக்குவது, எஞ்சினைத் தூக்கி, புரொப்பெல்லரைச் சுழற்றும் ஷாஃப்டோடு நேர் பார்ப்பது ஆகிய மூன்றையும் ஃபிட்டரிடம் விடுங்கள். டார்க் ரெஞ்சை (குறித்த அளவுக்கு இறுக்கும் ஸ்பானர்) ஒரே சீராக இழுத்தால்தான் அது சரியான அளவில் நிற்கும். நெளிந்தபடி விட்டு விட்டு இழுத்த ஹெட் போல்ட், கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டைக் கடலில் காவு வாங்கும். சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் நாசிலின் அழுத்தம் பார்ப்பதும் டீசல் பம்பைப் பிரிப்பதும் பட்டறை வேலை.

ஆயில், வடிகட்டிகள், பெல்ட், பேட்டரி, இம்பெல்லர் (கடல்நீர் பம்புக்குள் சுழலும் ரப்பர் இதழ்ச் சக்கரம்), ஏர் எடுப்பது (டீசல் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றுவது), ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றிக் கொடுப்பது, கிளாண்ட் பேக்கிங் (ஷாஃப்ட் வெளியேறும் இடத்தில் கடல்நீரைத் தடுக்கும் கயிற்று வளையங்கள்) ஆகியவை உங்கள் கைக்கு உரியவை. ஒரு படகுக்காரருக்கு இவ்வளவும் தெரிந்தால் நடுக்கடலில் நிற்கும் சந்தர்ப்பம் வெகுவாகக் குறையும்.

குடலிறக்கம், இதயநோய், அடிக்கடி தலைசுற்றல் உள்ளவர் கீழே இறங்க வேண்டாம். மேலே நின்று கருவி எடுத்துக் கொடுப்பவராக இருங்கள். அந்த வேலையும் முக்கியமானது என்பது போகப் போகத் தெரியும்.

2. மூடியைத் திறக்குமுன் கையில் இருக்க வேண்டியவை

தலையில் மாட்டும் எல்இடி விளக்கு, பிடி வைத்த சிறு கண்ணாடி, நுனியில் காந்தம் உள்ள நீளக் கம்பி, கை உறிஞ்சு பம்ப், இரண்டு அகலப் பலகை, பழைய டயர் டியூப், கோணிச் சாக்கு, மரத்தூள், நைட்ரைல் கையுறை, பக்கம் மூடிய கண் கண்ணாடி, காது மூடி.

தடித்த துணித்தொப்பி ஒன்றும் வேண்டும். புதியவர் எல்லோருக்கும் முதல் நாள் தலையில்தான் அடிபடுகிறது. மேல்தளத்தைத் தாங்கும் குறுக்குக்கட்டை கண்ணுக்கு மேலே இருப்பதால் எழும்போது அது தெரிவதில்லை.

ஸ்பானர் பெட்டியை அப்படியே கீழே இறக்காதீர்கள். அதை வைக்கும் இடம் உங்கள் கால் வைக்க வேண்டிய இடம். அன்றைய வேலைக்குத் தேவையான நான்கைந்து கருவிகளை மட்டும் ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டுக் கயிற்றில் இறக்குங்கள். ஓப்பன் ஸ்பானரை மேலேயே விடுங்கள், ரிங் ஸ்பானர் போதும். ஏன் என்பது 9ஆம் பகுதியில் வருகிறது.

புதிய இம்பெல்லர், கேஸ்கெட், வடிகட்டி, பேக்கிங் கயிறு எல்லாம் வாங்கிய பிறகே பழையதைத் திறக்க வேண்டும். திறந்துவிட்டுக் கடைக்குப் போனால் அதே நெளிவை இரண்டு முறை நெளிய வேண்டியிருக்கும். இரண்டாவது முறை இறங்கும்போது உடம்பு களைத்திருக்கும், கவனம் குறைந்திருக்கும்.

3. படகு மிதக்கும்போதே ஆயிலை எடுத்துவிடுங்கள்

படகைக் கரையேற்றிய பிறகு ஆயில் மாற்றலாம் என்று பலர் தள்ளிப்போடுகிறார்கள். கரையில் நிற்கும் படகில் எஞ்சினை ஓட்ட முடியாது. கடல்நீர் வராமல் ஓடினால் ரப்பர் இம்பெல்லர் சிறிது நேரத்திலேயே கருகிப்போகும். எஞ்சின் ஓடாவிட்டால் ஆயில் சூடாகாது. குளிர்ந்த ஆயில் குழம்பு போல நகரும், அழுக்கு அடியிலேயே தங்கும், பம்ப் இழுத்து இழுத்துத் தோள் கழன்றுவிடும்.

அதனால் கரையேற்றுவதற்கு முதல் நாள் மாலை, கட்டிப்போட்ட இடத்திலேயே எஞ்சினைக் கால் மணி நேரம் ஓட்டி நிறுத்துங்கள். இருபது நிமிடம் காத்திருங்கள். ஆயில் இளஞ்சூட்டில் இருக்கும், ஆனால் புகைக்குழாயின் பக்கம் இன்னும் தோலை உரிக்கும் சூடு இருக்கும். அந்தப் பக்கம் ஈரச்சாக்கைத் தொங்கவிடாதீர்கள், நீராவி கையைச் சுடும். உலர்ந்த பலகையைச் சாய்த்து வையுங்கள்.

பெரும்பாலான படகுகளில் ஆயில் வடிக்கும் திருகு எஞ்சின் உட்காரும் கட்டைகளுக்கு நடுவே, அடிக்குழிக்கு (படகின் அடியில் நீர் தேங்கும் பள்ளம்) ஒரு சாண் மேலே இருக்கும். அங்கே பாத்திரம் வைக்கவும் இடமிருக்காது. அதோடு போராட வேண்டாம். ஆயில் அளவுக் கம்பி போகும் துளை வழியாகக் கை உறிஞ்சு பம்பின் குழாயை விட்டு இழுங்கள். வலக்கையும் இடக்கையும் மாற்றி மாற்றி இழுத்தால் தோள் தாங்கும்.

ஆயில் வடிகட்டியைக் கழற்றுமுன் அதற்கு ஒரு பிளாஸ்டிக் பையை அடியிலிருந்து போர்த்துங்கள். கழலும்போது வழியும் ஆயில் பைக்குள் போகும். தரையில் வழிந்தால் அடுத்த பத்து நாளும் அந்த வழுக்கலில்தான் நீங்கள் நிற்க வேண்டும்.

ஓடிய எஞ்சின் ஆயில் தோலுக்குக் கேடு. தொடர்ந்து பட்டால் புற்றுநோய் வரும் அபாயமும் உண்டு. கையுறை போடுங்கள். கையை டீசலில் கழுவும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். டீசல் தோலின் எண்ணெய்ப்பசையை எடுத்துவிடுகிறது, பிறகு தோல் வெடிக்கிறது, வெடிப்பில் உப்புநீர் இறங்குகிறது. தேங்காய் எண்ணெய் தடவி மரத்தூளால் தேய்த்து, அதன்பின் சோப்புப் போட்டால் கறை போய்விடும். பழைய ஆயிலை மூடிய கேனில் அடைத்து, அதை வாங்குபவரிடம் கொடுங்கள். துறைமுகத் தண்ணீரில் ஒரு துளிகூட விழக் கூடாது.

4. நாளைப் பிரித்துக்கொள்ளுங்கள்

மே மாத நடுப்பகலில் மூடிய எஞ்சின் அறைக்குள் எவராலும் நிதானமாக வேலை செய்ய முடியாது. விடியற்காலை ஐந்து மணிக்கு இறங்கி ஒன்பதரைக்கு ஏறிவிடுங்கள். வேண்டுமானால் மாலை ஐந்துக்கு மேல் ஒரு மணி நேரம்.

காலையில் முதலில் கனமான வேலை, அடுத்து பலம் கேட்கும் வேலை, கடைசியில் துடைப்பது, பெயிண்ட் தொடுவது போன்றவை. நுணுக்க வேலைக்கு இன்னொரு காலை ஒதுக்குங்கள். பாரம் தூக்கிய கை அடுத்த அரை மணி நேரம் நடுங்கும், நடுங்கும் கை சிறு திருகைப் பிடிக்காது.

தாகம் எடுக்கும்வரை காத்திருக்க வேண்டாம். இறங்குமுன் ஒரு சொம்பு நீராகாரமோ உப்புப் போட்ட நீர்மோரோ குடியுங்கள். அதிகமாக வியர்த்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டி அளந்து கலந்து குடிக்கலாம். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் கெண்டைக்கால் பிடித்து இழுக்கும். தலைவலித்து, பேச்சு குழறினால் அது வெப்பவாதம். அந்த ஆளை உடனே மேலே ஏற்றி நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மேலே ஏறுங்கள். குத்துக்காலிட்டு உட்காருவது நமக்குப் பழக்கம்தான். ஆனால் கோணல் தரையில் நீண்ட நேரம் அப்படி உட்கார்ந்தால் முழங்காலுக்கு வெளிப்பக்கம் ஓடும் நரம்பு அழுந்தும். எழுந்து ஏணியில் கால் வைக்கும்போது பாதம் மடங்கும். கரையேற்றிய படகின் தளம் தரையிலிருந்து ஆளுயரத்துக்கு மேலே இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

5. காற்றைப் பார்க்காமல் இறங்காதீர்கள்

சில நாள் மூடிக் கிடந்த அடிக்குழியில் மீன்கழிவும் தேங்கிய நீரும் அழுகி, அழுகிய முட்டை நாற்றம் உள்ள ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகும். அது காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் படுக்கும். அளவு கூடும்போது மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது, இனி இறங்கலாம் என்று நினைப்பதுதான் மிகப் பெரிய பிழை. மயங்கியவரைத் தூக்க இறங்குபவரும் அவர் மேலேயே விழுவார். மீன் அறைக்கும் இது பொருந்தும்.

மேலே நின்றபடியே தேங்கிய நீரை இறைத்துவிடுங்கள். எல்லா மூடிகளையும் திறந்து ஒரு மணி நேரமாவது விடுங்கள். மின்விசிறியின் காற்றை அகலக் குழாய் வழியாக அடிக்குழிவரை செலுத்துங்கள். வெறுமனே மூடியின் வாயில் விசிறி வைத்தால் மேல்காற்றுதான் சுழலும். மெழுகுவத்தி கொளுத்தி இறக்கிப் பார்ப்பது கூடவே கூடாது. இந்த வாயு தீப்பிடிக்கும், சுடர் அணையாமல் எரிவதால் விஷம் இல்லை என்றும் ஆகாது.

கீழே ஒருவர் இருக்கும்வரை மேலே ஒருவர் இருக்க வேண்டும். பேச்சுக்குப் பதில் வராவிட்டால் அவர் தானே குதிக்கக் கூடாது. ஆள் கூட்டி, காற்றை உள்ளே அடித்து, கயிறு கட்டியே இறங்க வேண்டும்.

6. உடுப்பும் மின்சாரமும்

கைலியோடு எஞ்சின் அறைக்குள் இறங்காதீர்கள். சுழலும் ஷாஃப்டும் பெல்ட்டும் கைலி முனையைப் பிடித்தால் ஆளையே சுருட்டும். கழுத்தில் துண்டும் அப்படித்தான். உடம்போடு ஒட்டிய கால்சட்டையும் கைவைத்த பனியனும் போதும்.

மோதிரம், கைக்கடிகாரம், கழுத்துச் சங்கிலி, வெள்ளி அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றிக் கரையில் கொடுத்துவிடுங்கள். 12 வோல்ட் உடம்பைத் தாக்காது. ஆனால் பேட்டரி முனைக்கும் எஞ்சின் உடலுக்கும் நடுவே மோதிரம் பாலமானால் அது நொடியில் பழுத்துவிடும், விரலோடு சேர்த்து.

பேட்டரியில் எப்போதும் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள். பாசிட்டிவைக் கழற்றும்போது ஸ்பானர் எஞ்சினில் பட்டாலும் பொறி பறக்காது. சார்ஜ் போட்ட பேட்டரி ஹைட்ரஜன் விடும், பெட்டியைத் திறந்து கொஞ்ச நேரம் காற்றாட விட்ட பின் தொடுங்கள்.

யார்டிலிருந்து 230 வோல்ட் ஒயரை இழுத்துக் குண்டு பல்பை எஞ்சின் அறைக்குள் தொங்கவிடும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. ஈரத்தில் படுத்திருக்கும் உடம்புக்கு அதைவிட ஆபத்து வேறில்லை. தலைவிளக்கு இருக்கும்போது அது தேவையும் இல்லை.

7. படுக்க ஒரு தளம் அமையுங்கள்

புதியவர்கள் இதற்கு நேரம் செலவழிக்க மாட்டார்கள். நேராக ஸ்பானரை எடுப்பார்கள். என் கணக்கில் நாளின் முதல் அரை மணி நேரம் தளம் அமைப்பதற்கே.

சிந்திய ஆயிலில் மரத்தூளைத் தூவி வழித்தெடுங்கள். எஞ்சின் கட்டைக்கும் படகின் பக்கச் சட்டத்துக்கும் நடுவே பலகையைக் குறுக்கே வைத்து, ஆடாமல் ஆப்பு அடியுங்கள். மேலே கோணிச் சாக்கு, முழங்காலும் முழங்கையும் படும் இடத்தில் டயர் டியூபை மடித்துப் போடுங்கள். சட்டத்தின் விளிம்பு விலாவில் அழுத்தும்போது மூச்சு குறுகும், அவசரம் வரும். அவசரம்தான் போல்ட்டை உடைக்கிறது.

தலைக்கும் ஏதாவது முட்டு வேண்டும். கழுத்தைத் தூக்கியபடியே பத்து நிமிடம் பார்த்தால் மறுநாள் திரும்ப முடியாது. மடித்த சாக்கு ஒன்று போதும்.

பழைய படகுகளில் புகைக்குழாயைச் சுற்றியிருக்கும் வெண்சாம்பல் நிறக் கயிறு ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். உலர்ந்தபடி சுரண்டினால் அதன் தூசி நுரையீரலில் தங்கிவிடும். பிரிந்து தொங்கினால் நனைத்து, பையில் கட்டி எடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் அதைத் தொடாதீர்கள்.

8. கனமானவற்றைத் தூக்காதீர்கள், நகர்த்துங்கள்

பெரிய பேட்டரி 40 கிலோவைத் தொடும். 20 லிட்டர் ஆயில் வாளி 18 கிலோ. கரையில் இவை ஒன்றுமில்லை. முழங்காலை மடக்கி முதுகை நிமிர்த்தித் தூக்கு என்று சொல்லிக்கொடுப்பார்கள். எஞ்சின் அறையில் உங்களுக்கும் பாரத்துக்கும் நடுவே எஞ்சின் கட்டை நிற்கும். எட்டிக் குனிந்து, கையை நீட்டி, இடுப்பைத் திருப்பித்தான் பிடிக்க முடியும். முதுகுத்தண்டு வட்டு நழுவ அதைவிட வேறு காரணம் வேண்டாம்.

பலகையைச் சரிவாக வைத்து, பாரத்தை அதில் இழுத்து மூடியின் நேர்கீழே கொண்டுவாருங்கள். அங்கிருந்து கயிறோ செயின் பிளாக்கோ தூக்கட்டும். மூடியின் குறுக்கே வைத்த மூங்கிலில் செயின் பிளாக்கைத் தொங்கவிடாதீர்கள். கனத்த சட்டம் அல்லது இரும்புக் குழாயை, இரு முனையும் நகராமல் கட்டி, அதில் தொங்கவிடுங்கள். பாரம் மேலே போகும்போது கீழே இருப்பவர் விலகி நிற்க வேண்டும். நிற்க இடம் இல்லையென்றால் அவர் ஏறி வந்த பிறகே தூக்க வேண்டும்.

ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றும்போது கடைசிப் போல்ட் விட்டதும் முழு எடையும் ஒரே கையில் விழும். ஆகவே முதல் போல்ட்டைத் தளர்த்துமுன்பே அதன் வயிற்றில் கயிறு சுற்றி மேலே இருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். அவர் இழுக்கத் தேவையில்லை, பிடித்துக்கொண்டால் போதும்.

9. இறுகிய போல்ட்

எஞ்சின் வேலையில் நான் அதிகம் இரத்தம் பார்த்தது இங்கேதான். உப்புக்காற்றில் ஊறிய போல்ட் பத்து நிமிடம் அசையாமல் நின்று, திடீரென்று ஒரே நொடியில் விடும். அந்த நொடியில் உங்கள் கை எங்கே போகும் என்பதை முன்பே பார்த்துவைக்க வேண்டும்.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். ஆல்டர்னேட்டரின் கீழ்ப்போல்ட். இடம் இல்லாததால் ஸ்பானரை மேல்நோக்கித் தள்ளினேன். போல்ட் விட்டது. மடக்கிய விரல்களோடு கை நேராகத் தாங்கித் தகட்டின் விளிம்பில் போய் அடித்தது. நடுவிரல் மூட்டில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது, எலும்பு என்று புரியச் சற்று நேரம் ஆனது. தையல் போட்ட கையோடு அந்தத் தடைக்காலம் முழுவதும் மேலேயே நின்றேன். அன்றிலிருந்து நான் கடைப்பிடிக்கும் முறை இது.

முதல் நாள் மாலையே போல்ட்டின் தலையிலும் மரையிலும் துரு நீக்கும் எண்ணெய் விடுங்கள். அதற்குமுன் கம்பி பிரஷ்ஷால் உப்பைத் தேயுங்கள், இல்லாவிட்டால் எண்ணெய் உள்ளே இறங்காது. மறுநாள் ரிங் ஸ்பானரை முழுதாக உட்காரவைத்து, அதன் முனையில் சுத்தியலால் இரண்டு சிறு தட்டு. துரு விரிசல் விடும். பிறகு முதலில் இறுக்கும் பக்கம் சிறிது, தளர்த்தும் பக்கம் சிறிது என்று அசையுங்கள்.

எப்போதும் உங்களை நோக்கி இழுங்கள். தள்ளியே ஆக வேண்டுமென்றால் விரல்களை மடக்காமல், விரித்த உள்ளங்கையால் தள்ளுங்கள். ஓப்பன் ஸ்பானர் போல்ட்டின் இரண்டு முகத்தை மட்டும் பிடிக்கிறது, விளிம்பு தேய்ந்ததும் வழுக்கும். ரிங் ஸ்பானர் எல்லா முனையையும் பிடிக்கும்.

ஸ்பானரில் குழாயை மாட்டி நீட்டினால் விசை கூடும், உண்மைதான். ஆனால் எவ்வளவு விசை கொடுக்கிறோம் என்பது கைக்குத் தெரியாமல் போகும். 10 மில்லிமீட்டருக்குக் குறைந்த போல்ட்டில் குழாய் மாட்டவே கூடாது. தலை முறிந்துவிட்டால் ட்ரில் வைக்க அந்த இடத்தில் எவருக்கும் கை போகாது.

10. கண் போகாத இடத்தில் கை: இம்பெல்லர்

கடல்நீர் பம்ப் பெரும்பாலும் எஞ்சினின் தாழ்ந்த பக்கத்தில், மூடி வேறு திசையைப் பார்த்தபடி இருக்கும். கை மட்டும் போகும். விரல்நுனிதான் கண்.

என் மைத்துனர் முதல்முறை இதைச் செய்தபோது மூடியின் நான்கு திருகில் மூன்றாவது விழுந்தது. டங் என்று ஒரு சத்தம், பிறகு தண்ணீரில் சிறு சலசலப்பு. பித்தளைத் திருகு, காந்தத்தில் ஒட்டாது. கறுத்த நீரைத் துணியால் ஒற்றி ஒற்றி எடுத்து, சேற்றை விரலால் தடவித் தேடினோம். பத்து நிமிட வேலைக்கு இரண்டு மணி நேரம்.

எனவே பம்புக்கு அடியில் விளிம்பு உயர்ந்த ஒரு தட்டையோ கட்டிவிட்ட துணியையோ முதலில் வையுங்கள். திருகுமுன் மூடியின் படத்தைக் கைப்பேசியில் எடுத்து, அந்தப் படத்தைப் பார்த்தபடி விரலால் ஒவ்வொரு திருகையும் தொட்டுப் பழகுங்கள். கழற்றிய திருகை ஓர் அட்டையில் அதே வரிசையில் குத்தி வையுங்கள். மாட்டும்போது ஸ்பானர் குழிக்குள் துளி கிரீஸ் தடவினால் திருகு விழாமல் ஒட்டி நிற்கும். மேல் திருகை முதலில் பாதி ஏற்றினால் மூடி தானே தொங்கும், கை விடுதலையாகும். கழற்றும்போது அதையே கடைசியில் கழற்றுங்கள்.

பழைய இம்பெல்லரின் இதழ்களை எண்ணுங்கள். ஒன்று குறைந்தாலும் அந்தத் துண்டு குளிர்விப்பான் குழாயின் வாயில் அடைத்துக் கிடக்கும். அதை எடுக்காமல் புதியதை மாட்டினால் எஞ்சின் மறுபடி சூடாகும். புதிய இம்பெல்லரைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, ஷாஃப்ட் சுழலும் திசைக்கு எதிராக இதழ்கள் சாயும்படி திருகியபடியே உள்ளே தள்ளுங்கள்.

வேலைக்கு முதல் நாள், பழைய பம்ப் ஒன்றைக் கரையில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நான்கைந்து முறை கழற்றி மாட்டிப் பாருங்கள். சிறுபிள்ளை விளையாட்டு போலத் தோன்றும். விரலுக்கு ஒருமுறை பாடமாகிவிட்டால், இருட்டில் அலையடிக்கும்போதும் அது மறக்காது.

11. டீசல் வடிகட்டியும் ஏர் எடுப்பதும்

வடிகட்டியை மாற்றியதும் குழாயில் காற்று புகும். அதை எடுக்காமல் எஞ்சின் கிளம்பாது. டாங்கியிலிருந்து எஞ்சினை நோக்கி வரிசையாக வாருங்கள்: முதல் வடிகட்டி, இரண்டாம் வடிகட்டி, டீசல் பம்ப், கடைசியில் நாசில் குழாய். ஒவ்வோர் இடத்திலும் நுரை நின்று தெளிந்த டீசல் வந்ததும் திருகை மூடிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். நடுவில் ஆரம்பித்தால் பின்னால் நிற்கும் காற்று மறுபடி முன்னே வரும்.

டாங்கியிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்ப் நெம்புகோல் வகையாக இருந்து, கட்டைவிரல் நோக அடித்தும் டீசல் வராவிட்டால் பம்ப் பழுது என்று முடிவு கட்டாதீர்கள். உள்ளே கேம் (பம்பை இயக்கும் சுழல் மேடு) தூக்கிய நிலையில் நின்றிருந்தால் நெம்புகோலுக்கு வீச்சு இருக்காது. எஞ்சினை ஒரு சுற்று கையால் திருப்பிவிட்டு அடித்துப் பாருங்கள். குமிழ் வகையில் வேறு பிழை நடக்கிறது: வேலை முடிந்ததும் குமிழை இறுக மூட மறந்துவிடுகிறார்கள், அதன் வழியாகவே காற்று ஏறுகிறது.

நாசில் குழாயின் நட்டைத் தளர்த்தி ஸ்டார்ட்டர் அடிக்கும்போது முகத்தையும் கையையும் தள்ளி வையுங்கள், கண் கண்ணாடி போடுங்கள். நாசிலில் இருந்து வரும் டீசலின் அழுத்தம் பழைய எஞ்சின்களிலேயே 200 பார் அளவில் இருக்கும். கசிவை விரல் வைத்துத் தேடாதீர்கள், அட்டையைக் காட்டித் தேடுங்கள். தோலுக்குள் பாய்ந்த டீசல் வெளியே ஊசிமுனைக் காயமாகத் தெரியும், வலியும் முதலில் இருக்காது. உள்ளே தசை அழுகத் தொடங்கும். அப்படி நேர்ந்தால் மஞ்சள் வைத்துக் கட்டாமல் அந்த நிமிடமே மருத்துவமனைக்குப் போய், அழுத்தத்தில் டீசல் உள்ளே பாய்ந்தது என்று அதே சொற்களில் சொல்லுங்கள்.

12. கிளாண்ட் பேக்கிங்

உடம்புக்கு மிகக் கடினமான வேலை இது. ஷாஃப்ட் வெளியேறும் இடம் படகின் பின்கோடியில், அடிக்குழியின் முடிவில். தலை கீழாகவும் இடுப்பு மேலாகவும் படுத்துத்தான் எட்ட வேண்டும். இரத்தம் தலைக்கு இறங்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பின்வாங்கி உட்காருங்கள், சட்டென்று எழாதீர்கள். படகு கரையில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள். மிதக்கும் படகில் பழைய பேக்கிங்கை எடுத்தால் கடல் உள்ளே வரும்.

புதிய வளையங்களை வெளியிலேயே வெட்டிக்கொண்டு வாருங்கள். ஷாஃப்ட் அளவுள்ள குழாயில் பேக்கிங் கயிற்றைச் சுற்றி, சாய்வாக வெட்டினால் முனைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து உட்காரும். தலைகீழாகக் கிடந்தபடி கத்தி பிடிக்க வேண்டிய அவசியம் இருக்காது.

பழைய வளையங்கள் எல்லாவற்றையும் கொக்கியால் எடுத்து எண்ணுங்கள். களைப்பில் உள்ளே இரண்டை விட்டுவிட்டு மேலே புதியதைத் திணிப்பவர்கள் அதிகம். உள்ளே கெட்டிப்பட்ட பழைய வளையம் ஷாஃப்டைத் தேய்த்துப் பள்ளம் போடும். மூன்று வளையம் என்றால் இணைப்புகளை வட்டத்தின் மூன்றில் ஒரு பங்கு தள்ளித் தள்ளி வையுங்கள், ஒரே கோட்டில் வந்தால் அந்த வழியாகவே நீர் வரும். நட்டுகளைக் கையால் மட்டும், இரு பக்கமும் சமமாக இறுக்குங்கள். ஸ்பானர் இப்போது வேண்டாம்.

13. மூடுமுன்னும் இறக்கிய பின்னும்

வாளியில் இறக்கிய கருவிகளை எண்ணிப் பாருங்கள். பெல்ட்டின் மேல் மறந்துவைத்த ஸ்பானர் எஞ்சின் கிளம்பியதும் எந்தத் திசையில் பறக்கும் என்று சொல்ல முடியாது. எண்ணும் வேலை மேலே இருப்பவருடையது, ஏனென்றால் கீழே இருப்பவர் களைத்திருப்பார்.

கடலில் இறக்கியதும் எஞ்சினைக் கிளப்புமுன் கடல்நீர் வால்வைத் திறந்தீர்களா என்று பாருங்கள். கிளம்பியதும் முதலில் பார்க்க வேண்டியது வெளியேறும் குளிர்நீர். அரை நிமிடத்தில் வராவிட்டால் நிறுத்துங்கள். எஞ்சின் அறைக்குள் இருந்தால் காது மூடி போட்டுக்கொள்ளுங்கள், காதில் பஞ்சு வைப்பது போதாது.

ஷாஃப்ட் சுழலும்போது கிளாண்டில் நிமிடத்துக்குச் சில சொட்டு நீர் விழ வேண்டும். ஒன்றுமே விழவில்லை என்றால் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள், அந்த நீர்தான் பேக்கிங்கைக் குளிர்விக்கிறது. கால் மணி நேரம் ஓட்டி, கியரை எடுத்து, ஷாஃப்ட் நின்ற பிறகு கிளாண்டைத் தொடுங்கள். இளஞ்சூடு சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் இரு நட்டையும் சிறிது தளர்த்துங்கள். சொட்டு ஒழுக்காக மாறினால் இரு பக்கமும் ஆறில் ஒரு சுற்று மட்டும் இறுக்கிப் பத்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள்.

முதல் தொழிலுக்குப் போய்த் திரும்பிய அன்று, மறுபடி ஒருமுறை இறங்குங்கள். நீங்கள் தொட்ட ஒவ்வொரு போல்ட்டையும் ரிங் ஸ்பானரால் தொட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று கட்டாயம் தளர்ந்திருக்கும்.